பழைய 911-க்கு எவ்வளவு விறைப்பு வேண்டும்?

இரண்டு வருடம் முன்பு நண்பர் ஒருவர் 1985-ம் ஆண்டு போர்ஷே 911 கரேரா 3.2 ஒன்றை வாங்கினார். பார்க்க அம்சமான வண்டி. தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சுண்டுவிரல்கூட நுழையாது. 'முழு ரேஸ் சஸ்பென்ஷன்' போட்டது என்று விற்றவர் சொல்லியிருந்தாராம். முதல் சவாரிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். பழைய நகரத்துக்குள் கருங்கல் பாவிய தெரு. வேகம் நாற்பதுகூட இல்லை. வண்டி கல்லுக்குக் கல் தாவியது, ஸ்டீயரிங் அவர் திருப்பாமலே இப்படியும் அப்படியும் இழுத்தது. ஊரைத் தாண்டி ஒரு வளைவு, வளைவின் நடுவே தார் கொஞ்சம் புடைத்திருந்தது. அதில் ஏறியதும் பின்பக்கம் அரை அடி வெளியே நகர்ந்து மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது. கொஞ்ச தூரம் இருவரும் பேசவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த சாதாரணக் குடும்ப கார் அதே வளைவை அலுங்காமல் கடந்து வந்தது.

நண்பரின் வண்டியில் தேய்ந்துபோன சாமான் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் புதுசு, எல்லாம் விலை கூடியது. ஒன்றோடொன்று சேரவில்லை, அவ்வளவுதான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் முதலில் கைவைப்பது சஸ்பென்ஷனில். காசைக் கரியாக்குவதும் பெரும்பாலும் அங்கேதான். அடிப்படை தெரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம். 911-ஐயே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், எனக்குக் கொஞ்சம் கை பழகிய வண்டி. 1964-ல் தொடங்கி 1980-களின் இறுதி வரை அதன் அடிப்படை அமைப்பு மாறவே இல்லை. வேறு வண்டி வைத்திருந்தாலும் கணக்கு இதேதான், எண்கள்தான் வேறு.

சஸ்பென்ஷன் எதற்கு என்று கேட்டால் குலுங்காமல் போவதற்கு என்போம். அது பாதி வேலை. மறுபாதி, டயரைத் தரையை விட்டு எழவிடாமல் வைத்திருப்பது. ஒரு டயர் ரோட்டைத் தொடுகிற இடம் உள்ளங்கை அகலம்தான். சுமார் 1,200 கிலோ வண்டியை நான்கு உள்ளங்கைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மேட்டில் ஏறிய சக்கரம் அந்தரத்தில் நின்றால் அந்த நொடிக்கு அந்தச் சக்கரத்தில் பிரேக்கும் கிடையாது, திருப்பமும் கிடையாது. ரேஸ் டிராக் பெரும்பாலும் வழவழவென்று இருக்கும். அங்கே சக்கரத்துக்கு ஏறி இறங்கும் வேலை குறைவு, விறைப்பாக வைத்தாலும் தப்பித்துக்கொள்ளலாம். ஊர் ரோட்டில் ஒட்டுப்போட்ட தார் உண்டு, அமுங்கிய சாக்கடை மூடி உண்டு, மரவேர் தூக்கிய ஓரம் உண்டு. சக்கரம் தாராளமாகப் போய்வர இடம் கொடுத்தால்தான் அங்கே பிடிமானம். விறைப்பான வண்டியில் உட்கார்ந்தால் வேகமாகப் போவதுபோலத் தோன்றும். வாட்சை வைத்துப் பார்த்தால் தெரியும், ரோட்டில் அது பல நேரம் மெதுவாகத்தான் போகிறது.

துணி பிழிகிற ஸ்பிரிங்

பழைய 911-க்கு அடியில் குனிந்து பார்த்தால் சுருள் ஸ்பிரிங் எதுவும் கண்ணில் படாது. அந்த வேலையைச் செய்வது ஒரு நேரான எஃகுக் கம்பி. ஈரத்துணியை இரண்டு கையால் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் ஒரு முனை பாடியோடு பூட்டியிருக்கும், மறுமுனை சக்கரத்தைத் தாங்கும் கையோடு. சக்கரம் மேலே ஏறினால் கம்பி முறுகும். முறுகிய கம்பி பழையபடி நிமிரப் பார்க்கும். இதற்குப் பெயர் டார்ஷன் பார். முன்பக்கம் இரண்டு, நீளவாக்கில், கீழ்க்கைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பின்பக்கம் இரண்டு, வண்டிக்குக் குறுக்கே போகும் குழாய்க்குள். 1989-ல் வந்த 964 மாடலில்தான் போர்ஷே இதைக் கைவிட்டுச் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது.

கம்பி எவ்வளவு தடிமனோ அவ்வளவு விறைப்பு. ஆனால் இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். விட்டத்தை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்குவதுபோல. முன்பக்கக் கம்பி சுமார் 19 மி.மீ. அதை 21 ஆக்கினால் 'வெறும் 2 மி.மீ. தானே' என்று தோன்றும். விறைப்பு 49 சதவீதம் கூடிவிடுகிறது. 22 ஆக்கினால் 80 சதவீதம். நண்பரின் வண்டிக்குப் பின்பக்கம் தொழிற்சாலை போட்டது 24 மி.மீ. அதை 26 ஆக்கினால் 38 சதவீதம், 27 என்றால் 60, 28 என்றால் 85. அவர் வண்டியில் இருந்தது 22-ம் 28-ம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விறைப்போடு கருங்கல் தெருவில் போயிருக்கிறோம்.

போர்ஷேயே 1986 மாடலில் பின் கம்பியை 24-லிருந்து 25-க்குத்தான் ஏற்றியது. ஒரே மில்லிமீட்டர். அதுவே 18 சதவீதம். அந்த வண்டியை வடிவமைத்தவர்களே ஒரு மி.மீ.க்கு யோசித்திருக்கிறார்கள், நாம் பட்டியலைப் பார்த்துப் பெரிய எண்ணாக ஆர்டர் போடுகிறோம்.

எவ்வளவு விறைப்பு போதும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. வண்டியின் எடை உட்கார்ந்ததும் ஸ்பிரிங், சக்கரத்தின் இடத்தில் அளந்தால், எத்தனை செ.மீ. அமுங்குகிறது என்று பாருங்கள். 5-ஐ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், வண்டி விநாடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்கி ஆடும் என்பது வரும். 25 செ.மீ. அமுங்கினால் விநாடிக்கு ஒரு தடவை. இது தொட்டில் போன்ற பெரிய சொகுசுக் கார். 11 செ.மீ. என்றால் ஒன்றரை, தெருவில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த அக்கம்பக்கம் நன்றாக இருக்கும். 6 செ.மீ.யைத் தொட்டால் இரண்டு. அதற்கு மேலே போவது டிராக் வண்டிகள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சற்று வேகமாக ஆட வேண்டும் என்பது 1930-களில் காடிலாக்கில் வேலை பார்த்த மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் கண்டு சொன்னது. மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்சக்கரம் கொஞ்சம் தாமதமாக ஏறி, வேகமாக ஆடி அதை எட்டிப்பிடித்துவிட்டால் வண்டி மொத்தமாக ஒரே மட்டத்தில் அடங்கும். இல்லாவிட்டால் மரக்குதிரை மாதிரி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஷாக் அப்சார்பர்

ஸ்பிரிங் வண்டியைத் தாங்கும், ஆட்டத்தை நிறுத்தாது. நிறுத்துவது ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய், சிறு துளைகள் வழியே பிதுங்கிப் போகும். ஆட்டத்தின் வேகம் அந்த எண்ணெயில் சூடாகிக் கரையும். கிணற்றுக்குள் வாளியை இறக்கும்போது கயிற்றைக் கையால் இறுக்கிப் பிடித்து விடுகிறோமே, அந்தக் கை.

ஸ்பிரிங்கின் விறைப்பை ஏற்றினால் இந்தக் கையும் இறுக வேண்டும். எவ்வளவு என்றால் வர்க்கமூல அளவில். ஸ்பிரிங் 49 சதவீதம் ஏறினால் ஷாக் 22 சதவீதம். 85 ஏறினால் 36. நண்பரின் வண்டியில் இருந்த கோளாறு இதுதான். கம்பிகள் ரேஸ் வண்டிக்கானவை, ஷாக்குகள் தொழிற்சாலைக் கம்பிக்கு ஏற்ப வால்வு வைத்தவை. புத்தம் புதியவைதான், கம்பியை அடக்கும் பலம் அவற்றுக்கு இல்லை. அதனால்தான் மேட்டில் ஏறிய பின்பக்கம் ஓர் ஆட்டத்தில் அடங்காமல் இன்னொரு ஆட்டமும் போட்டது. தலைகீழாகவும் நடக்கும்: மென்மையான கம்பியோடு முரட்டு ஷாக் போட்டால் மேட்டில் ஏறிய சக்கரம் திரும்பக் கீழே இறங்க நேரமாகும், அடுத்தடுத்த மேடுகளில் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உட்கார்ந்துகொண்டே போகும்.

911 உலகத்தில் அதிகம் அடிபடும் பெயர்கள் ஜெர்மனியின் பில்ஸ்டைனும் நெதர்லாந்தின் கோனியும். பில்ஸ்டைன் ஒற்றைக் குழாயும் உள்ளே அழுத்த வாயுவும் கொண்டது. பிரித்து வால்வை மாற்றித் தரும் கடைகள் உண்டு, கம்பியின் விட்டத்தைச் சொன்னால் அதற்கேற்ப அமைத்துக் கொடுப்பார்கள். கோனியில் இறுக்கத்தை நாமே திருகி மாற்றலாம். என் கட்சி முதலாவது. திருகு கையில் இருந்தால் வாரம் ஒரு தடவை திருகிக்கொண்டே இருப்பேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும்.

1969-லிருந்து 1971 வரை வந்த 911 இ மாடலில் முன்பக்கம் டார்ஷன் பாரே கிடையாது. போகே நிறுவனத்தின் எண்ணெய்-வாயு ஸ்ட்ரட் (முன்சக்கரத்தை ஏந்தி நிற்கும், ஷாக்கை உள்ளடக்கிய தூண்), தானாகவே உயரத்தைச் சரிசெய்துகொள்ளும். அருமையான யோசனை, ஆனால் பழசானால் பராமரிப்பது பெரும்பாடு. இன்று ஓடுகிறவற்றில் பலவற்றை சாதாரண டார்ஷன் பாருக்கு மாற்றிவிட்டார்கள். அப்படி ஒரு வண்டி விலைக்கு வந்தால் கீழே குனிந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

தாழ்த்துவது

பழைய 911-ன் முன்பக்கத்தைத் தாழ்த்துவது ஒரு திருகைத் திருப்புகிற வேலை. அவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் இவ்வளவு வண்டிகள் கெட்டுக் கிடக்கின்றன. அமெரிக்காவுக்குப் போனவை பம்பர் விதிகளுக்காக உயரமாகவே நின்றன. அவற்றை ஐரோப்பிய வண்டிகளின் உயரத்துக்கு இறக்குவதில் தப்பில்லை, இன்னும் சொல்லப்போனால் நல்லது. அதற்கும் கீழே போனால்தான் வினை.

முதல் இழப்பு, சக்கரம் மேலே ஏற இருக்கிற இடம். இரண்டு விரல்கடை இறக்கினால் இரண்டு விரல்கடை இடம் போய்விட்டது. மிச்சம் தீர்ந்ததும் ஸ்ட்ரட் ரப்பர் கட்டையில் முட்டும். முட்டிய நொடியில் உங்கள் அழகான ஸ்பிரிங் கல்லாக மாறிவிடும். வளைவின் நடுவில் முட்டினால் அந்தப் பக்கத்துப் பிடி சட்டென்று போகும்.

இரண்டாவது, ஸ்டீயரிங். சக்கரத்தை ஏந்தும் கீழ்க்கை ஒன்று, அதைத் திருப்பும் டை ராடு ஒன்று. இரண்டும் ஒரு முனையில் நிலையாக நின்று, மறுமுனையில் வில்போல வளைந்து ஏறி இறங்கும். அந்த இரண்டு வில்லும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற உயரத்தில்தான் தொழிற்சாலை வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறது. தாழ்த்தினால் டை ராடு வெளிநோக்கி மேலேறிச் சாயும், வில்கள் பிரிந்து போகும். சக்கரம் மேட்டில் ஏறும்போதெல்லாம் யாரும் கேட்காமல் கொஞ்சம் திரும்பும். கருங்கல் தெருவில் நண்பரின் கையை இழுத்தது இதுதான். ஸ்டீயரிங் ராக்குக்கு அடியில் தகடு வைத்து உயர்த்தினால் ஓரளவு சரியாகும். முறையான வைத்தியம், ஸ்ட்ரட்டில் சக்கர அச்சையே மேலே ஏற்றி வெல்டு செய்வது.

மூன்றாவது கேட்டால் சிரிப்பு வரும். தாழ்த்தினால் வண்டி வளைவில் சாயாது என்று நம்பித்தான் தாழ்த்துகிறார்கள். முன்பக்கம் ஸ்ட்ரட் வகை வண்டிகளில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, பாடி இறங்குவதைவிட வேகமாக இறங்கிவிடும். இடைவெளி கூடுவதால் சாயும் நெம்பு நீளுகிறது. தாழ்த்திய வண்டி அதிகமாகச் சாயும். பிறகு அதை அடக்கத் தடித்த ஆன்டி ரோல் பார், அதற்குத் தோதாக இன்னொன்று என்று பில் நீளும்.

ஆன்டி ரோல் பார் என்பது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் இன்னொரு முறுக்குக் கம்பி. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் சும்மா இருக்கும். ஒன்று மட்டும் ஏறினால் முறுகி எதிர்க்கும். முன், பின் இரண்டில் எந்தப் பக்கத்துப் பார் தடிமனோ அந்தப் பக்கத்து டயர்கள் முதலில் பிடியை இழக்கும். 911-ல் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் தொங்குகிறது, எடையில் சுமார் 60 சதவீதம் பின்சக்கரங்களின் மேல். வளைவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் முன்னுக்கு வரப் பார்க்கும். போர்ஷே இதோடு நிறையப் போராடியிருக்கிறது. 1969 மாடலில் பின்சக்கரங்களைப் பின்னுக்குத் தள்ளி அச்சிடை நீளத்தை 2,211-லிருந்து 2,268 மி.மீ. ஆக்கியது, ஒரு பேட்டரிக்குப் பதில் இரண்டை முன்பக்கத்து இரண்டு ஓரங்களில் வைத்தது. அப்படிப்பட்ட வண்டியில் பின் ஆன்டி ரோல் பாரை மட்டும் தடிமனாக்குவது வேண்டாத வேலை. மாற்றினால் முன்னும் பின்னும் சேர்த்து. 1986-ல் தொழிற்சாலை முன்பக்கம் 22, பின்பக்கம் 21 மி.மீ. என்று வைத்தது, ரோட்டுக்கு அதைத் தாண்ட எனக்குக் காரணம் தெரியவில்லை.

எதில் தொடங்குவது

டயரில். அதுதான் முதல் ஸ்பிரிங், யாரும் அதை ஸ்பிரிங்காக எண்ணுவதில்லை. கரேரா 3.2-க்கு வந்த 185/70 15 அங்குல முன் டயரின் பக்கச்சுவர் 13 செ.மீ. உயரம். 17 அங்குல ரிம்மில் 205/40 போட்டால் 8 செ.மீ.தான். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஐந்து செ.மீ. ரப்பரும் காற்றும் செய்த வேலை இனி உங்கள் முதுகெலும்புக்கு. வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2315 என்றால் 2015-ன் 23-வது வாரம் செய்தது. பழைய கார்கள் குறைவாக ஓடுவதால் டயர் தேயாமலே கெட்டியாகிவிடும். பட்டன் அழகாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். காற்றழுத்தம் பின்னால் ஐந்தாறு பவுண்டு அதிகம் வேண்டும், பின்பக்கம் கனம் என்பதால்.

அடுத்தது புஷ், சக்கரத்தைத் தாங்கும் கை பாடியோடு சேரும் இடத்தில் இருக்கும் வளையம். நாற்பது வயது ரப்பர் புஷ் தன் வடிவத்தையே மறந்திருக்கும். முன் கீழ்க்கை இரும்போடு இரும்பு உரசிக்கொண்டு நிற்கும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் பாலியூரித்தேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் போடு என்பார்கள். டார்ஷன் பார் வண்டியில் அந்த புஷ் நாள் முழுக்கச் சுழன்று கொடுக்க வேண்டும். பாலியூரித்தேன் காய்ந்ததும் இறுகிப் பிடித்துக்கொள்ளும், பழைய கட்டில் மாதிரி கிரீச்சிடும். புது ரப்பர் போதும். காசு இருந்தால் கிரீஸ் அடிக்கிற நிப்பிள் வைத்த வெண்கல புஷ்.

இவை இரண்டும் முடிந்து, நல்ல ஷாக் போட்டு, உயரத்தைச் சரிசெய்து, அலைன்மென்ட் பார்த்து ஒரு மாதம் ஓட்டுங்கள். பத்தில் ஆறேழு பேருக்கு அதற்குப் பிறகு கம்பி மாற்றும் ஆசையே போய்விடும் என்பது என் அனுமானம். அதன் பிறகும் வேண்டும் என்றால், மலைப்பாதையை விரும்புகிறவர், வருடத்துக்கு ஒன்றிரண்டு நாள் டிராக்குக்கும் போகிறவர், முன் 21 பின் 26 அல்லது 27 வைத்துக்கொள்ளலாம், ஷாக்கையும் அதற்கேற்ப அமைத்து. 22-ம் 28-ம் ட்ரெய்லரில் டிராக்குக்குப் போகும் வண்டிக்கு. கம்பியை எடுத்துவிட்டு ஷாக்கைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் போடுவதும் நடக்கிறது; வண்டியின் எடை அப்போது ஷாக் பூட்டிய இடத்தில் இறங்கும், அந்த இடத்துத் தகடு அதற்காகச் செய்ததல்ல. தெரு வண்டிக்கு அந்தத் தலைவலி தேவையில்லை.

நண்பரின் வண்டிக்கு முன்பக்கம் 19, பின்பக்கம் 25 என்று முடிவானது. பின் கம்பியை மாற்றுவது நிதானம் வேண்டிய வேலை. கம்பியின் இரண்டு முனையிலும் பற்கள்: உள்முனையில் 40, வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை, வெளியே ஒரு பல் என்றால் 8 பாகைக்குக் கொஞ்சம் மேல். ஒன்றை இப்படியும் மற்றதை அப்படியும் ஒவ்வொரு பல் நகர்த்தினால் வித்தியாசம் முக்கால் பாகைக்குச் சற்று மேலே. பற்களின் எண்ணிக்கையை வேண்டுமென்றே வேறாக வைத்து ஒரு பாகைக்கும் குறைவான நுணுக்கத்தைப் பிடித்திருக்கிறார்கள். கம்பியின் வெளிமுனையைச் சக்கரத்தின் கையோடு இணைக்கும் தகடு தொங்கும் கோணத்தைப் பாகைமானியால் அளந்து, சாக்பீசால் குறித்து, செருகி, இறக்கி, உயரம் பிடிக்காமல் மறுபடி உருவி என்று ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. கம்பியின் முனையில் இடது, வலது என்று எழுத்து பொறித்திருக்கும். முறுகும் திசைக்கு ஏற்பப் பக்குவப்படுத்தியவை, மாற்றிப் போடக் கூடாது. மேலே இருக்கும் பெயின்ட்டில் கீறல் விழுந்தாலும் விடாதீர்கள். அந்தக் கீறலில் துரு பிடிக்கும், துருப் பிடித்த இடத்தில்தான் கம்பி ஒருநாள் முறியும்.

அடுத்த வாரம் நான்கு எடைத் தட்டுகளின் மேல் நிறுத்தினோம், ஓட்டுநர் இருக்கையில் நண்பரை உட்காரவைத்து. கால் ஒன்று குட்டையான சாப்பாட்டு மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கெதிர்க் கால்கள் இரண்டு மட்டும் சுமையைத் தாங்கும். வண்டியும் அப்படி நின்றால் பார்வைக்குத் தெரியாது, பிரேக் அடிக்கும்போது தெரியும். கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் சாயும் கோணம், முன்னால் உள்நோக்கி அரைப் பாகை, பின்னால் ஒரு பாகை என்று வைத்தோம்.

இப்போது மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் போகிறது. அதே கருங்கல் தெருவில் ஸ்டீயரிங்கை ஒரு கையால் பிடிக்கிறார். புடைத்த தாருள்ள வளைவில் பின்பக்கம் ஒரு தடவை மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது, அத்தோடு சரி. வலது முன்பக்கம் மட்டும், மெதுவாகப் போகும்போது, 'டக்' என்று ஒரு சத்தம் இன்னும் இருக்கிறது. ஸ்ட்ரட்டின் மேல்முனை ரப்பராக இருக்கும் என்று என் சந்தேகம், ஆன்டி ரோல் பார் லிங்க் என்று அவர். குளிர்காலத்தில் கழற்றிப் பார்க்க வேண்டும்.